மோட்டார் டைமருக்கு ஏழு செக்மென்ட் காட்சிச் சுற்றை வடிவமைத்தல்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குச் சொட்டுநீர் விடும் மோட்டாருக்கு நிமிடமும் விநாடியும் காட்டும் டைமரைக் கட்ட விரும்புவோர், விநாடிகளை எண்ணும் கவுண்ட்டரின் பிட்டுகளை (0 அல்லது 1 ஆக இருக்கும் இலக்கங்களை) ஏழு எரியும் கோடுகளால், அதாவது செக்மென்ட்டுகளால், ஆன எண்ணுருவாக மாற்றும் காம்பினேஷனல் சுற்றை (அந்நேர உள்ளீட்டை மட்டுமே வைத்து வெளியீடு தரும் சுற்றை) முதலில் தாளில் முடித்துக்கொள்வது நல்லது.

விநாடியின் ஒன்றுகள் இலக்கத்துக்கு 8, 4, 2, 1 மதிப்புடைய நான்கு பிட்டுகள் உள்ளீடாகும். 0 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த செக்மென்ட் எரிய வேண்டும் என்று மெய் அட்டவணையில் (ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் உரிய வெளியீட்டைக் காட்டும் பட்டியலில்) குறித்து, வழக்கமாக எண்ணும்போது வராத 10 முதல் 15 வரையிலான ஆறு நிலைகளை 'எதுவாயினும் சரி' என்று விட்டுவிட வேண்டும். சமன்பாட்டைச் சுருக்க உதவும் கட்டப் படமான கார்னா வரைபடத்தில் கேட்டுகளை (தர்க்கச் சுற்றின் அடிப்படை உறுப்புகளை) மிச்சப்படுத்துபவை இந்த ஆறும்தான். எடுத்துக்காட்டாக, இடப்பக்கக் கீழ் செக்மென்ட் 0, 2, 6, 8 ஆகியவற்றுக்கு மட்டுமே எரிகிறது. ஆகவே 1-பிட் 0 ஆக இருந்து, அதனுடன் 4-பிட் 0 ஆகவோ 2-பிட் 1 ஆகவோ இருந்தால் போதும். 8-பிட்டுக்குச் சமன்பாட்டில் இடமே இல்லை.

விநாடியின் பத்துகள் இலக்கம் 5-ஐத் தாண்டாது என்பதால் அதற்கு மூன்று பிட்டுகள் போதும். அங்கே 6 வராததால், அதே செக்மென்ட்டை 4-பிட்டையும் 1-பிட்டையும் வாங்கும் ஒரே ஒரு நார் கேட் (உள்ளீடுகள் எல்லாம் 0 ஆனால் மட்டும் 1 தரும் கேட்) ஓட்டிவிடும். ஒன்றுகள் இலக்கத்தின் சுற்றையே இங்கும் நகலெடுப்பது, என் கருத்தில், வீண்செலவு.

எல்லா செக்மென்ட்டுகளின் நேர்முனைகளும் ஒன்றாக இணைந்த காமன் ஆனோடு டிஸ்ப்ளேயில் வெளியீடு 0 ஆகும்போதுதான் செக்மென்ட் எரியும். அதற்கேற்ப அட்டவணையைத் தலைகீழாக எழுதுக. 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு, செக்மென்ட்டுக்கு ஒன்றாக 330 ஓம் மின்தடை பொருத்தலாம். மின்சாரம் போய் வரும்போது (தோட்டத்து லைனில் இது புதிதல்ல) கவுண்ட்டர் 9-ஐத் தாண்டிய நிலையில் விழித்தால் விசித்திர உருவங்கள் தெரியும். ஆகவே மின்சாரம் வந்ததும் அதை 0-க்குக் கொண்டுவரும் ரீசெட் இணைப்பு கட்டாயம் வேண்டும்.