விடுதி அறைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வைஃபை அக்சஸ் பாயின்ட்: தேர்வைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா வட்டாரத்தில் அடுத்தடுத்த இரண்டு கடைவீடுகளை (கீழே கடை, மேலே வீடு என்ற பழைய கட்டடங்கள்) இணைத்து நடத்தப்படும் 16 அறை விடுதி ஒன்றுக்கும், சற்றுத் தள்ளி மாடியில் இயங்கும் ஒரு கணக்காய்வு அலுவலகத்துக்கும் வைஃபை அமைத்துக் கொடுத்தேன். அப்போது நான் கடைப்பிடித்த வரிசையை இங்கே எழுதுகிறேன். ரௌட்டர், சுவிட்ச், கேபிள் ஆகியவை என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவியான அக்சஸ் பாயின்ட்டை வாங்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அறைக்குள் பொருத்தும் கருவியைப் பொறுத்தவரை அந்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். சுவர் எதனால் ஆனது, அதற்குள் இருக்கும் பெட்டி எப்படிப்பட்டது, அந்தப் பெட்டிக்கு வரும் கேபிள் எவ்வளவு மின்சாரம் கொண்டுவரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், வாங்கத்தக்க மாதிரிகள் தாமாகவே இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

படி 1: நடைவழியா, அறையா?

நடைவழிக் கூரையில் சக்திவாய்ந்த கருவிகளை வரிசையாக மாட்டிவிட்டால் செலவு குறையும் என்பது விடுதி உரிமையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. விடுதி அறையின் அமைப்பு அதற்கு எதிராக நிற்கிறது. கதவைத் திறந்ததும் ஒரு பக்கம் குளியலறையும் மறுபக்கம் அலமாரியும் இருக்கும். கட்டில் அவற்றைத் தாண்டி உள்ளே இருக்கும். நடைவழியிலிருந்து வரும் சிக்னல் தீயணைப்புக் கதவையும், ஓடு பதித்த சுவரையும், முகம் பார்க்கும் கண்ணாடியின் உலோகப் பூச்சையும் கடந்துதான் விருந்தினரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர வேண்டும். நடைவழியில் இருக்கும் கருவிகளுக்கிடையே எந்தத் தடையும் இல்லாததால், அவை ஒன்றின் பேச்சை ஒன்று தெளிவாகக் கேட்டுத் தத்தம் முறைக்காகக் காத்திருக்கின்றன. எங்கே சிக்னல் தேவையோ அங்கே அது மெலிந்தும், எங்கே வேண்டாமோ அங்கே வலுத்தும் கிடக்கிறது.

முடிவெடுக்கும் முன் அளந்து பாருங்கள். கையில் இருக்கும் ஏதேனும் ஓர் அக்சஸ் பாயின்ட்டை ஓர் அறையில் இயக்கி, கதவை மூடிவிட்டு, பக்கத்து அறையின் கட்டிலருகே நின்று சிக்னலைப் படியுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபைமேன் செயலி போதும். ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியை நிறுவி, அமைப்புகளில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் டெசிபல் அளவு தெரியும். மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல அளவு 5 கிகாஹெர்ட்ஸில் கிடைத்தால், இரண்டு அறைகளுக்கு ஒரு கருவி என்று திட்டமிடலாம். மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் வைத்தால் எண்களுக்குப் பொருள் புரியும்.

கடைவீடுகளில் அடுத்தடுத்த வீடுகளைப் பிரிக்கும் பொதுச்சுவர் தடித்த செங்கல் சுவர். பின்னாளில் அறைகளாகப் பிரித்தபோது எழுப்பியவை பெரும்பாலும் ஜிப்சம் பலகைத் தடுப்புகள். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதமான விடை கிடைப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஓர் அறையில் அளந்துவிட்டு மற்ற அறைகளுக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக இருப்பதால், கட்டடத்தின் வெளிமுகப்பின் மேல் கேபிள் ஓட்டும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

படி 2: சுவர்ப் பெட்டி

கடைக்காரரும் விளம்பரமும் கண்டுகொள்ளாத படி இது. என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதும் இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நாம் பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றுகிறோம். சுவிட்ச் பலகையும் தொலைபேசி முகப்பும் 86 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கும். பின்னால் சுவருக்குள் புதைந்த பெட்டியின் இரண்டு திருகுத் துளைகளும் கிடைமட்டமாக 60.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். அமெரிக்கப் பெட்டியோ நிமிர்ந்த செவ்வகம். அதன் துளைகள் செங்குத்தாக 83.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். சுவரில் பதிக்கும் அக்சஸ் பாயின்ட்டுகள் பலவற்றின் தாங்கித் தகட்டில் இரண்டு வகைக்கும் துளைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. வாங்கும் முன் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் தாங்கியின் வரைபடத்தைத் தேடி, 60 மில்லிமீட்டரை ஒட்டிய கிடைமட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது திருகு. நம் பெட்டிகளுக்கு எம் 3.5 வகைத் திருகு தேவை. அமெரிக்கப் பெட்டிக்காகக் கொடுக்கப்படும் திருகின் விட்டமும் ஏறத்தாழ அதே மூன்றரை மில்லிமீட்டர்தான், ஆனால் மரையின் இடைவெளி வேறு: நம்முடையது 0.6 மில்லிமீட்டர், அவர்களுடையது ஏறக்குறைய 0.8. முதல் இரண்டு சுற்று இலகுவாக உள்ளே போகும், பிறகு இறுகும், இன்னும் அழுத்தினால் பெட்டியின் மரை சிதைந்துவிடும். பழைய முகப்பைக் கழற்றும்போதே அதன் திருகுகளை அறை எண் எழுதிய சிறு பையில் போட்டு வைத்து, அவற்றையே மீண்டும் பயன்படுத்துங்கள்.

ஆழமும் அதே அளவுக்கு முக்கியம். பழைய கட்டடங்களில் 25 மில்லிமீட்டர் ஆழப் பெட்டிகள் நிறைய உண்டு. கேட் 6 வகை நெட்வொர்க் கேபிளை அதன் விட்டத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. கேபிள் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் வளைவுக்கு மட்டுமே 24 மில்லிமீட்டர் போய்விடும். அதற்கு மேல் இணைப்பானும் உட்கார வேண்டும். எனவே 35 மில்லிமீட்டரைக் குறைந்தபட்சமாகவும், 47 மில்லிமீட்டரைச் சௌகரியமான ஆழமாகவும் கருதுகிறேன். ஆழம் போதாத இடத்தில் சுவரை உடைப்பதைவிட, சுவருக்கும் கருவிக்கும் நடுவே ஓர் இடைச்சட்டம் வைத்து முன்னால் கொண்டுவருவது எளிது. இணைப்பானின் ரப்பர் உறையை நீக்கிவிட்டாலும் சில மில்லிமீட்டர் மிஞ்சும்.

கருவியின் உயரத்தையும் கவனியுங்கள். இவற்றில் சில அகலத்தில் 86 மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கினாலும், பெரும்பாலானவை உயரத்தில் அதைத் தாண்டி நீள்கின்றன. மேலேயோ கீழேயோ 13 ஆம்ப் மின்செருகி இருந்தால் அதை மறைத்துவிடும். தரவுத்தாளில் உள்ள அளவில் ஒரு அட்டையை வெட்டி, ஒவ்வோர் அறையிலும் பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். மின்கம்பி இருக்கும் பெட்டிக்குள் தரவுக் கேபிளைச் சேர்த்து நுழைப்பது ஆபத்து. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

படி 3: கேபிளும் மின்சாரமும்

கேபிள் வழியே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறையில் 802.3 ஏஎஃப் தரம் சுவிட்சில் 15.4 வாட் தந்து, மறுமுனையில் 12.95 வாட் கிடைப்பதை உறுதிசெய்கிறது. 802.3 ஏடி தரத்தில் இவை 30 வாட், 25.5 வாட். அக்சஸ் பாயின்ட் மட்டும் இயங்க முதல் தரம் பெரும்பாலும் போதும். ஆனால் அறைத் தொலைபேசிக்கும் அதே கருவியின் கீழ்த்துளை (பிற சாதனங்களைச் செருகும் இடம்) வழியாக மின்சாரம் தர வேண்டுமென்றால் இரண்டாவது தரம் அவசியம். சுவிட்ச் வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கையைவிட மொத்த வாட் அளவைப் பாருங்கள். 16 அறைகளுக்கு முதல் தரத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 250 வாட் வேண்டும்; தொலைபேசிகளையும் சேர்த்து அறைக்கு 20 வாட் என்று வைத்தால் 320 வாட்.

கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான வகையில் மின்தடை கூடுவதால், நீண்ட தூரத்தில் மின்னழுத்தம் குறைந்து கருவி தானாக அணைந்து எழும். சுவருக்குள் நிரந்தரமாக ஓடும் நீளம் 90 மீட்டரையும், இரு முனை இணைப்புக் கேபிள்களையும் சேர்த்து 100 மீட்டரையும் தாண்டக் கூடாது.

படி 4: வேக எண்ணைப் படிப்பது

ஏஎக்ஸ் 3000 என்று எழுதியிருந்தால், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் என்ற இரண்டின் கூட்டல். இரண்டாவது எண் 160 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தைப் பயன்படுத்தினால் மட்டுமே வரும். பல அறைகள் உள்ள இடத்தில் அந்த அகலத்தை நாம் பயன்படுத்தப் போவதில்லை. சுவிட்சிலிருந்து வரும் கேபிளைச் செருகும் மேல்துளை ஒரு கிகாபிட் என்றால் அதற்கு மேல் போகவும் வழியில்லை.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான அலைவரிசை எண்களை ரேடாருடன் பகிர்ந்துகொள்கிறோம். அவற்றில் ஒன்றைத் தொடங்கும் முன் கருவி குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ரேடார் தென்பட்டால் உடனே விலகி, அரை மணி நேரம் அங்கே திரும்பாமல் இருக்க வேண்டும். விருந்தினருக்கு இது திடீர்த் துண்டிப்பாகவே தெரியும். எனவே நான் 36 முதல் 48 வரையிலும், 149 முதல் 161 வரையிலும் உள்ளவற்றை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நான்காகப் பிரித்துக்கொள்கிறேன். ஒரு தளத்தில் எட்டு அறைகள் இருந்தால் அந்த நான்கும் பொதுச்சுவருக்கு இப்புறம் ஒரு முறை, அப்புறம் ஒரு முறை வரும். மேல்தளத்தில் வரிசையை மாற்றிவிட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு எண் வேண்டாம்.

சிங்கப்பூரில் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. வைஃபை 6-ஐ விடப் புதிய தலைமுறையான வைஃபை 7 பெருமையாகச் சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் இந்த 500 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரே ஒரு முறைதான் அடங்கும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை இப்போதைக்கு விடுதிகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வைஃபை 6 போதும்.

படி 5: எந்த மாதிரி?

இது என் விருப்பம். செலவைப் பார்க்கும் விடுதிக்கு டிபி-லிங்க் ஒமாடா இஏபி 615-வால்: வைஃபை 6, அறைக்குள் மூன்று கம்பித் துளைகள், அவற்றில் ஒன்றில் மின்சாரமும் வரும். கட்டுப்பாட்டு மென்பொருளைச் சொந்தக் கணினியில் கட்டணமின்றி இயக்கலாம். தொலைக்காட்சி, தொலைபேசி, மேசை இணைப்பு எல்லாம் கம்பி வழியே வேண்டும், பணமும் உண்டு என்றால் ரக்கஸ் எச் 550. நெரிசலான கட்டடத்தில் அதன் ஆன்டெனா வேலை விலைக்குத் தகுந்தது. சிறு அலுவலகத்துக்கு யூனிஃபை யூ6 இன்-வால் எனக்குப் பிடிக்கும். அதன் நான்கு துளைகளில் அச்சுப்பொறியையும் மேசைக் கணினிகளையும் செருகிவிட்டால் தனியாகச் சிறு சுவிட்ச் தேவைப்படாது. ஆனால் தடுப்பே இல்லாத திறந்தவெளி அலுவலகத்தில் கூரையில் ஒன்று மாட்டுவதே மேல். அங்கே சுவர்க் கருவி மேசைகளுக்கும் நாற்காலிகளுக்கும் கீழே ஒளிந்துகொள்ளும்.

மின்னணுப் பொருள் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவுபெற்ற மாதிரியா என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான பதிப்பில் நாட்டுக் குறியீட்டை மாற்ற முடியாதபடி பல தயாரிப்பாளர்கள் பூட்டிவைத்திருப்பதால், விலை குறைவு என்று அதை வரவழைக்க வேண்டாம்.

படி 6: பொருத்திய பின்

அறைக்குள் இருக்கும் கருவி உரக்கப் பேச வேண்டியதில்லை. ஒலிபரப்புச் சக்தியைக் குறைவாக வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸை 5 கிகாஹெர்ட்ஸைவிட ஆறு டெசிபல் தாழ்த்துங்கள். விருந்தினர் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி தனிமைப்படுத்தும் அமைப்பை இயக்குங்கள். விடுதி அலுவலகம், தொலைக்காட்சி, விருந்தினர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விலான் (ஒரே கேபிளில் பிரிந்து ஓடும் தனி வலையமைப்பு) ஒதுக்குங்கள். இரவில் விளக்கு அணையும்படி நேரம் குறித்து வையுங்கள். கட்டிலுக்கு எதிரே மினுங்கும் நீல விளக்கைப் பற்றித்தான் விருந்தினர்கள் முதலில் புகார் சொல்வார்கள்.

பின்னர்ச் சேர்த்தது

இந்த முறையைப் பின்பற்றிய நண்பர் ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வரவில்லை. பழைய சுவர்ப் பெட்டிக்கு வந்த கேபிளின் நான்கு கம்பி இணைகளில் இரண்டே முகப்பில் இணைக்கப்பட்டிருந்தன. மற்ற இரண்டும் தொலைபேசிக்குப் பிரித்துவிடப்பட்டிருந்தன. கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். கருவியை வாங்கும் முன்பே ஒவ்வோர் அறையின் கேபிளையும் சோதனைக் கருவியால் பாருங்கள்.

இன்னொருவர், விருந்தினர் தம் கைப்பேசியிலிருந்து அறைத் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்ப முடியவில்லை என்று கேட்டார். மேலே சொன்ன தனிமைப்படுத்தலின் விளைவு அது. அந்த அமைப்பை முழுவதும் நீக்கினால் ஒருவர் அடுத்த அறைத் தொலைக்காட்சியில் படம் ஓட்டிவிடுவார். கட்டுப்பாட்டு மென்பொருளில் அறைக்கு ஒரு கடவுச்சொல் தரும் வசதி இருந்தால், அதைக் கொண்டு அந்த அறையின் சாதனங்களை மட்டும் ஒரே விலானில் சேர்த்துவிடலாம்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கருவியை வாங்கி, அளவெடுத்தபோது மிக மோசமாக இருந்த அறையில் பொருத்தி, அறைகள் நிறைந்திருக்கும் ஒரு வார இறுதியைக் கடக்க விடுங்கள். திருப்தியாக இருந்தால் மீதியை வாங்குங்கள். பொருத்தும் ஒவ்வொன்றின் அறை எண்ணையும், சுவிட்ச் துளை எண்ணையும், மேக் முகவரியையும் (கருவியின் தனி அடையாள எண்) ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.