கொலைகாரனே கதை சொல்லும் நாவல்: முதல் அத்தியாயத்தை எப்படி எழுதுவது?

தொடர் கொலைகாரன் ஒருவன் "நான்" என்று சொல்லிப் போகும் நாவலை எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் இரத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்தவர்கள் அவன் கண்ணுக்கு மனிதர்களாகவே படவில்லை, உண்மையான பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. அதைக் காட்டத் தமிழ் இலக்கணமே போதும்.

படி 1: யாரிடம் சொல்கிறான்?

சிங்கப்பூரில், கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்த கொலைக்குக் கட்டாய மரண தண்டனை. இங்கே இருப்பவன் வாய் திறக்க வலுவான காரணம் வேண்டும். சாங்கி சிறையில் நாளை எண்ணிக்கொண்டு, பார்க்க வரும் தங்கையிடம் சொல்கிறானா? பிடிபடாமல் தனக்குத்தானே பேசிக்கொள்கிறானா? தங்கையிடம் என்றால் தன்னை நல்லவனாகக் காட்டப் பார்ப்பான். தனியாக என்றால் பெருமையடிப்பான். இதை முடிவு செய்த பிறகே பேனாவை எடுங்கள்.

படி 2: ஒரு வேலை கொடுங்கள்

நம் ஆள் ஏர்கான் சர்வீஸ் செய்பவன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யீஷூனில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போகிறான். ஃபில்டரைக் கழுவக் குளியலறைக்குள் போகிறவனுக்கு அங்கே எத்தனை டூத் பிரஷ் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். "ஒன்றுதான் இருந்தது" என்று மட்டும் அவன் சொல்லட்டும்.

படி 3: அவர், அவள், அது

முழு நாவலும் இந்தப் படியில்தான் நிற்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் பக்கம்: "கதவைத் திறந்தவர் ஒரு பாட்டி. 'தம்பி, கோப்பி குடிக்கிறியா?' என்று கேட்டார்."

நான்காம் பக்கம்: "அவள் கதவைப் பூட்டுவதே இல்லை."

பத்தாம் பக்கம்: "அது மல்லிகைச் சரத்தை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தது."

இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட விளக்காதீர்கள். வயதானவர்களை "பாவம் அது" என்று நாம் அன்பாகவும் சொல்வதுண்டு. அதனால் வாசகர் முதலில் கவனிக்காமல் தாண்டிப் போவார். இரண்டு வரி கழித்து உறைத்ததும் திரும்பி வந்து படிப்பார். அந்தத் திரும்பல்தான் நமக்கு வேண்டும்.

படி 4: வினைச்சொல்லைப் பாருங்கள்

"எனக்குக் கோபம் வந்தது." "கை பட்டுவிட்டது." "போய்ச் சேர்ந்தாள்." செய்தவனே இல்லாமல் ஒரு செயலைச் சொல்லத் தமிழில் எத்தனை வழி! சாதாரண மனிதர்களான நாமே தட்டு உடைந்தால் "உடைஞ்சு போச்சு" என்றுதான் சொல்கிறோம். அவனை நாவல் முழுக்க அப்படியே பேச விடுங்கள். "கொன்றேன்" என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வரட்டும். அத்தியாயத்தின் கடைசி வரிக்கு அதைத் தள்ளாமல், சாப்பாட்டைப் பற்றிப் பேசும் ஒரு பத்தியின் நடுவில் வைக்கலாம்.

படி 5: ஊர்

2012-இல் பொருத்தத் தொடங்கிய போலீஸ் கேமராக்கள் 2016-க்குள் சுமார் 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கும் பலமாடி கார் நிறுத்தங்களுக்கும் வந்துவிட்டன. கதை 2005-இல் நடக்கிறதா, இன்றா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். அப்புறம், உண்மை வழக்குகளைத் தொடாதீர்கள். 1981 தோ பாயோ கொலைகளில் இறந்தவர்கள் இரண்டு குழந்தைகள். அவர்களுடைய சொந்தக்காரர்கள் இன்றும் நம்மிடையே இருக்கலாம்.

படி 6: அவனுக்குப் புரியாத ஒன்று

கதையைச் சொல்பவன் அவன்தான். ஆனாலும் பாட்டியின் வாழ்க்கை அவனைத் தாண்டி வாசகருக்கு எட்ட வேண்டும். இதற்கு வழி: அவன் பார்க்கிறான், சொல்கிறான், ஆனால் அவனுக்குப் புரிவதில்லை.

பாட்டி ஞாயிறுதோறும் தேக்காவில் இரண்டு முழம் மல்லிகை வாங்குகிறார். சாமிக்கு ஒரு முழம் போதுமே, வீண் செலவு என்று அவன் நினைக்கிறான். அடுத்து, தொழில்காரன் கண்ணோடு தூசியைப் பார்க்கிறான். அலமாரியில், டிவியில், மின்விசிறியில், எங்கும் தூசி. சாமி படத்துக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் படம், அந்தக் கண்ணாடியில் மட்டும் துளித் தூசி இல்லை. அதையும் சொல்லிவிட்டு ஏணியை விரிக்கிறான்.