பாதம் தொங்குகிறதா? எடை குறைந்த கணுக்கால் பிரேஸ் தேர்ந்தெடுக்கும் முறை

இடது ஷூவின் முனை மட்டும் தேய்ந்து ரப்பர் பிளந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், நடக்கும்போது கேட்ட ‘தப்’பென்ற சத்தமும் அந்தக் காலிலிருந்துதான் வருகிறது என்று புரிந்தது. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதில், பாதத்தை மேலே தூக்கும் தசை சோர்ந்துவிட்டது. இதைத்தான் ஃபுட் டிராப் என்கிறார்கள். இரண்டு பிரேஸ் (பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் கருவி) வாங்கி, இரண்டையும் ஓரம் வைத்துவிட்டு, மூன்றாவதில்தான் எனக்கு நடை சரியானது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரணத்தை டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே பிரேஸ் தேடுங்கள். பாதம் திடீரென்று தூக்க வராமல் போய், கூடவே சிறுநீரை அடக்க முடியாமலோ தொடைகளின் உட்பக்கம் மரத்தோ போனால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஒரு மணி நேரம்கூட முக்கியம்.

படி 1: முதலில் காலைப் பாருங்கள்

நான் செய்த முதல் தவறு, எது எடை குறைவு என்று மட்டும் பார்த்தது. காலுக்கு என்ன குறை என்பதுதான் முதல் கேள்வி. பிசியோதெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முட்டியை நீட்டியபடி, பாதத்தைக் கையால் தூக்கினால் செங்கோணம் வரை வருகிறதா? வராவிட்டால் கெண்டைக்கால் தசை இறுகியிருக்கிறது. அதைத் தளர்த்தாமல் எந்த பிரேஸ் போட்டாலும் ஷூவுக்குள் குதிகால் மேலே எழும்பிவிடும். அடுத்து, பிடிமானத்தோடு அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடிகிறதா? முடியாவிட்டால் கெண்டைக்காலும் பலவீனம். பாதத்தைத் தூக்கிவிடுவது மட்டும் போதாது. மூன்றாவது, நடக்கும்போது முட்டி மடங்கிவிடுகிறதா, பின்பக்கமாக வளைகிறதா? கடைசியாக, பக்கவாதத்துக்குப் பிறகு வருவதுபோல் கால் விறைத்து உள்பக்கம் திரும்புகிறதா?

படி 2: வகை

பாதம் தொங்குவது மட்டுமே பிரச்சினை, முட்டியும் கெண்டைக்காலும் நன்றாக இருக்கின்றன என்றால், கணுக்காலில் ஒரு பட்டை கட்டி ஷூ லேஸோடு கொக்கி மாட்டும் எலாஸ்டிக் வகையே போதும். இருப்பதிலேயே லேசானது இதுதான். விறைப்பு உள்ளவர்களுக்கு இது தாங்காது.

அடுத்தது கெண்டைக்காலுக்குப் பின்னால் மெல்லிய பட்டையாக இறங்கும் பாலிப்ராப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) பிரேஸ். விலை குறைவு, சூடுகாட்டி வளைத்துத் திருத்தலாம். பாதத்தைத் தூக்கும், ஆனால் முட்டிக்கு அதிகம் உதவாது.

என் ஓட்டு கார்பன் ஃபைபருக்கு. எடை குறைவு என்பதைவிட, அடி வைக்கும்போது வளைந்து, கால் எடுக்கும்போது நிமிர்ந்து அது தரும் உந்துதலுக்காக. கெண்டைக்காலும் பலவீனமாக இருந்தால், காலின் முன்பக்கத்தில் தாங்கும் தகடு உள்ளதைப் பாருங்கள். முட்டி மடங்காமல் அது பிடித்துக்கொள்ளும். விறைப்பு கடுமையாக இருந்தாலோ பாதம் கோணிவிட்டாலோ லேசான பிரேஸ் மேல் உள்ள ஆசையை விட்டுவிடுங்கள். அளவெடுத்துச் செய்த உறுதியான பிளாஸ்டிக் பிரேஸ்தான் அந்தக் காலுக்குப் பாதுகாப்பு.

படி 3: ஷூ (நான் இடறிய இடம்)

நல்ல கார்பன் பிரேஸை வாங்கி வந்து, என்னிடம் இருந்த தடித்த குதி வைத்த ஷூவில் நுழைத்தேன். நின்ற உடனே யாரோ முட்டிக்குப் பின்னால் தட்டிவிட்டதுபோல் இருந்தது. பிரேஸ் சரியில்லை என்று நினைத்து அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

தவறு குதியின் உயரத்தில். பிரேஸ் உங்கள் கணுக்காலை ஒரே கோணத்தில் பிடித்து வைக்கிறது. ஷூவில் குதிகால் உயர்ந்தால் கால் முழுவதும் முன்னால் சாய்ந்து முட்டி மடங்கும். ஷூ தட்டையாக இருந்தால் முட்டி பின்னால் தள்ளப்படும். முன்பாதத்தைவிடக் குதிகால் எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பது பிரேஸோடு வரும் தாளில் இருக்கும். பல கார்பன் பிரேஸ்களுக்கு அது 1 முதல் 1.5 செ.மீ. ஷூவின் வெளியே தெரியும் குதியை அளந்து ஏமாறாதீர்கள். முன்பக்கமும் தடிமனாகவே இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

பிரேஸைப் போட்டு, கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முட்டி தானாக மடங்கவும் கூடாது, பின்னால் இழுக்கவும் கூடாது. அப்புறம், இன்சோல் கழற்ற வருகிற, வாய் அகலமான, லேஸ் அல்லது வெல்க்ரோ உள்ள ஷூவையே எடுங்கள். பழைய இன்சோலை எடுத்துவிட்டு பிரேஸை வைத்து, அதன்மேல் மெல்லிய இன்சோல் போடுங்கள். கார்பன் தகட்டின்மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. ஷூ வாங்கப் போகும்போது பிரேஸையும் கையோடு கொண்டு போங்கள்.

படி 4: பழக்கப்படுத்துதல்

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் பிரேஸ் அழுத்துகிறது. திருத்தும் வரை போடாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் வலி வந்து எச்சரிக்காது. அதனால் கண்ணால் பார்ப்பதைத் தினமும் விடாதீர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். முழங்கால் வரை வரும், தையல் உறுத்தாத சாக்ஸ் நல்லது.

முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் குமிழ்போல் ஓர் எலும்பு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதை ஒட்டித்தான் சுற்றி வருகிறது. மேல்பட்டை அங்கே அழுந்தவே கூடாது. கால்மேல் கால் போட்டு உட்காருவதையும் இதே காரணத்துக்காக நிறுத்திவிட்டேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

பாதத் தகடு நீளமாக இருக்கிறது, வெட்டலாமா? முன்முனையை மட்டும், தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்கு, ஆர்த்தோட்டிஸ்ட் (பிரேஸ் செய்து பொருத்தும் நிபுணர்) கையால். மேலே ஏறும் தண்டில் துளை போடுவதோ அரத்தால் ராவுவதோ கூடாது, அங்கேதான் உடையும்.

வீட்டுக்குள் ஷூ இல்லாமல்? கார்பன் தகடு தரையில் வழுக்கும். வெறும் காலில் போடுகிற மாதிரி, கணுக்காலையும் பாதத்தையும் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் வகை ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

மாடிப்படி? இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். கணுக்கால் மடங்காததால் முட்டி சட்டென்று முன்னால் போகும். கைப்பிடியைப் பிடித்து, பிரேஸ் போட்ட காலை முதலில் கீழே வையுங்கள்.