பனிமூட்டத்துல சோலார் டைவ் வாட்ச்சுக்கு சார்ஜ் ஏத்துறது எப்படி

நம்ம ஹட்டன், நுவரெலியா பக்கம் சோலார் வாட்ச் கட்டுறவங்களுக்கு முதல் எதிரி பனி இல்ல, சுவெட்டர் கைதான். நாள் பூரா உள்ளுக்குள்ளயே மறைஞ்சு கிடந்தா எப்பிடி சார்ஜ் ஏறும்? ராவைக்கு கழட்டுனா மேசைக்குள்ள போடாதீங்க, ஜன்னல் ஓரமா டயல் வெளிச்சத்த பாத்த மாதிரி வச்சிடுங்க, விடிஞ்சதும் மூட்டமா இருந்தாலும் சார்ஜ் ஏறும், என்ன கொஞ்சம் மெதுவா ஏறும். வெயில் சுள்ளுன்னு அடிக்குதேன்னு வேன் டாஷ்போர்ட்ல மட்டும் வைக்காதீங்க, சூட்டுல உள்ள இருக்கிற பெட்டரி கெட்டுரும். செகண்ட் முள்ளு 2 செகண்டுக்கு ஒருக்கா குதிச்சு குதிச்சு ஓடுனா சார்ஜ் கம்மின்னு அர்த்தம், சிட்டிசன், சீக்கோ ரெண்டுலயும் இப்பிடித்தான்.

வாங்கும்போது ஐஎஸ்ஓ 6425 (டைவ் வாட்ச்சுக்கான சர்வதேச தரம்), 200 மீட்டர்னு இருக்கான்னு பாருங்க. சும்மா 30 மீட்டர்னு போட்டிருந்தா அது கை கழுவ மட்டுந்தான்.

கித்துல்கலயில ராஃப்டிங் போறதா இருந்தா போட்டுல ஏற முன்னுக்கு திருகு கிரவுன (பக்கத்துல இருக்கிற, நேரம் மாத்துற குமிழ) இறுக்கிட்டீங்களான்னு பாருங்க (நம்ம மச்சான் ஒருத்தன் மறந்துட்டு கண்ணாடிக்குள்ளயும் பனிமூட்டத்தோட வந்தான்), தண்ணிக்குள்ள அத தொடவே கூடாது. பெசல் (டயல சுத்தி இருக்கிற வளையம், டைவ் பண்றவங்க தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு பாக்குறது இதுலதான்) ஒரு பக்கந்தான் சுத்தும், அது தட்டுப்பட்டு நகந்தாலும் நேரம் கூட போன மாதிரிதான் காட்டும், நீங்களும் சீக்கிரமே மேல வந்துருவீங்க. திருகோணமலை கடல்ல குளிச்சா நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான் வேன்ல ஏறணும்.