மக்களவையின் ஆயுள், சபாநாயகர் தேர்வு: அடிக்கடி நேரும் தவறுகள்

போட்டித் தேர்வு விடைகளிலும் செய்திகளிலும் நாடாளுமன்றம் பற்றி வரும் பிழைகளைக் கவனித்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். நாடாளுமன்றத்தை நடத்துபவை நான்கு: அரசியலமைப்பு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், அவை நடத்தை விதிகள், மரபு. மரபில் இருப்பதை அரசியலமைப்பில் இருப்பதாகவும், விதியில் இருப்பதைச் சட்டத்தில் இருப்பதாகவும் எழுதிவிடுகிறோம்.

ஐந்தாண்டு எந்த நாளிலிருந்து?

தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்தும் இல்லை, பிரதமர் பதவியேற்ற நாளிலிருந்தும் இல்லை. அவையின் முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்துதான் ஐந்தாண்டு என்கிறது பிரிவு 83(2). 2024 தேர்தல் முடிவு ஜூன் 4 அன்று வந்தது. 18ஆவது மக்களவை முதலில் கூடியது ஜூன் 24. ஆகவே இடையில் கலைக்கப்படாவிட்டால் அதன் ஆயுள் 2029 ஜூன் 23 வரை.

நெருக்கடி நிலை அமலில் இருந்தால் ஆயுளை நீட்டிக்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் கூடாது. நெருக்கடி நிலை விலக்கப்பட்டபின் ஆறு மாதத்துக்கு மேல் அந்த நீட்டிப்பு நிற்காது. 1971 மார்ச்சில் கூடிய ஐந்தாவது மக்களவை 1977 ஜனவரி வரை இருந்தது இந்த வழியில்தான்.

மாநிலங்களவை உறுப்பினரின் ஆறாண்டுக் காலத்தை அரசியலமைப்பில் தேட வேண்டாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர் என்பது மட்டும் அங்கே உண்டு. ஆறாண்டு என்ற கணக்கு 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது.

ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர் கட்டாயமா?

இல்லை. பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்ற பிரிப்பு மரபு. பிரிவு 85 கேட்பது, ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்ததன் முதல் அமர்வுக்கும் நடுவே ஆறு மாதம் ஆகிவிடக்கூடாது என்பதை மட்டும். 2020இல் பட்ஜெட் தொடர் மார்ச் 23 அன்று நின்றது. மழைக்காலத் தொடர் செப்டம்பர் 14 அன்று, கெடு முடிய ஒன்பது நாளே இருந்தபோது தொடங்கியது. அந்த ஆண்டு குளிர்காலத் தொடர் நடக்கவே இல்லை; அடுத்துக் கூடியது 2021 ஜனவரி 29 அன்று. அரசியலமைப்பை மீறியதாக யாரும் சொல்ல முடியவில்லை.

'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று அறிவித்ததுமே தொடர் முடிந்துவிட்டதாக எழுதுவது அடுத்த தவறு. ஒத்திவைப்பது சபாநாயகர், கூட்டத்தொடரை முடித்துவைப்பது குடியரசுத் தலைவர். அவர் முடித்துவைக்கும்வரை சபாநாயகர் அவையைத் திரும்ப அழைக்கலாம். 2008 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்த தொடர் அப்படித்தான் முடித்துவைக்கப்படாமல் அக்டோபரிலும் டிசம்பரிலும் தொடர்ந்தது. இந்த வேறுபாட்டுக்கு நடைமுறை விளைவும் உண்டு: இரு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது.

கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதால் மசோதா காலாவதியாகாது. மக்களவை கலைந்தால் நிலைமை வேறு. மக்களவையில் நிலுவையில் உள்ளவையும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்பவையும் போய்விடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவைக்கு வராமல் அங்கேயே இருப்பவை பிழைக்கும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 2008இல் மாநிலங்களவையில் கொண்டுவந்ததற்கு இந்தப் பாதுகாப்பு உதவியது. ஆனால் 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறி மக்களவைக்கு வந்தபின் அந்தப் பாதுகாப்பு போயிற்று. 2014இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

சபாநாயகர் தேர்தல்

அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். வேட்புமனு, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை என்று பொதுத் தேர்தலைப் போலக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் இது ஒரு தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பு.

தேர்தல் நாளைக் குறிப்பவர் குடியரசுத் தலைவர். அதற்கு முந்தைய நாள் நண்பகலுக்குள், இன்னாரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கான அறிவிப்பு மக்களவைச் செயலாளர் நாயகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், பதவியை ஏற்கச் சம்மதம் என்ற வேட்பாளரின் ஒப்புதல்: இந்த மூன்றும் தேவை. தன் பெயரைத் தானே முன்மொழியவோ வழிமொழியவோ முடியாது. மறுநாள், வந்த வரிசைப்படியே தீர்மானங்கள் எடுக்கப்படும். முதல் தீர்மானம் நிறைவேறினால் அதோடு தேர்தல் முடிந்தது. அடுத்தவரின் பெயர் வாக்கெடுப்புக்கே வராது.

2024 ஜூன் 26 அன்று ஓம் பிர்லாவின் பெயரைப் பிரதமர் முன்மொழிந்தார், ராஜ்நாத் சிங் வழிமொழிந்தார். எதிரணியில் கொடிக்குன்னில் சுரேஷ் நின்றார். குரல் வாக்கெடுப்பிலேயே பிர்லா தேர்வானார். எனவே அன்று யாருக்கு எத்தனை வாக்கு என்று தேடினால் கிடைக்காது. பதிவான எண்ணிக்கை கிடையாது. அது முதல் போட்டி என்று சிலர் எழுதியதும் தவறு. 1952, 1967, 1976 ஆண்டுகளிலும் போட்டி நடந்தது. 1952இல் மாவலங்கருக்கு ஆதரவாக 394, எதிராக 55.

தேர்வுக்கு, வந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும், அவையின் அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

சபாநாயகர் தேர்வாகும்வரை புதிய அவையை நடத்தும் தற்காலிக சபாநாயகராக மிக மூத்த உறுப்பினரையே நியமிக்க வேண்டும் என்பது மரபு மட்டுமே. 2024இல் எட்டு முறை வென்ற சுரேஷ் இருக்க, ஏழு முறை தொடர்ந்து வென்ற பர்த்ருஹரி மஹதாப் நியமிக்கப்பட்டார்; மரபு மீறப்பட்டதா என்று வாதிடலாம், அரசியலமைப்பு மீறப்பட்டது என்று சொல்ல முடியாது. அவை கலைந்ததும் பழைய சபாநாயகரின் பதவி போய்விடாது என்பதையும் நினைவில் வைக்கவும். புதிய அவை முதலில் கூடுவதற்குச் சற்று முன்புவரை அவர் நீடிப்பார்.

துணை சபாநாயகர் தேர்தலுக்கு நாள் குறிப்பது சபாநாயகர். 'இயன்ற விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிரிவு 93 சொல்கிறது, கெடு எதுவும் வைக்கவில்லை. கரூர் உறுப்பினராக இருந்த மு. தம்பிதுரை 2014 முதல் 2019 வரை இப்பதவியில் இருந்தார். அடுத்து வந்த 17ஆவது மக்களவையின் ஆயுள் முழுக்க அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. கெடு இல்லை என்பதற்காக அரசியலமைப்பு கேட்கும் ஒரு பதவியை ஐந்தாண்டு நிரப்பாமல் விடுவது சரியல்ல. சபாநாயகர் தன் பதவி விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவரிடம் அல்ல, துணை சபாநாயகரிடம்தான் தர வேண்டும் என்பதே அந்தப் பதவி அலங்காரத்துக்கு இல்லை என்பதைக் காட்டும்.

எதிர்க்கட்சித் தலைவரும் பத்தில் ஒரு பங்கும்

55 உறுப்பினர், அதாவது அவையில் பத்தில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் சட்டப்படி எதிர்க்கட்சித் தலைவர் கிடையாது என்பது பரவலான நம்பிக்கை. இதற்கான 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை. எண்ணிக்கையில் பெரிய எதிர்க்கட்சியின் தலைவராக இருந்து, சபாநாயகரால் ஏற்கப்பட்டவர் என்பதே அதிலுள்ள வரையறை. பத்தில் ஒரு பங்கு என்பது கட்சிகளை அவையில் அங்கீகரிக்கச் சபாநாயகர் வகுத்த வழிகாட்டலிலிருந்து வந்தது. 2014இல் 44, 2019இல் 52 இடம் பெற்ற காங்கிரசுக்கு அந்த அளவுகோலால் பதவி கிடைக்கவில்லை. 2024இல் 99 இடம் பெற்றதும் ராகுல் காந்தி ஏற்கப்பட்டார்.

பிரதமர்தான் எப்போதும் மக்களவையின் அவை முன்னவர் (அரசுத் தரப்பில் அவை அலுவல்களைக் கவனிப்பவர்) என்பதும் சரியல்ல. மன்மோகன் சிங் மாநிலங்களவை உறுப்பினர் என்பதால் அந்தப் பொறுப்பைப் பிரணாப் முகர்ஜியும் பிறகு சுஷில்குமார் ஷிண்டேயும் வகித்தனர்.

மாநிலங்களவைத் தலைவரை அந்த அவை தேர்ந்தெடுப்பதில்லை. குடியரசுத் துணைத் தலைவரே அவர். அவரைத் தேர்ந்தெடுப்பது நியமன உறுப்பினர்கள் உட்பட இரு அவை உறுப்பினர்களும், ரகசிய வாக்குச்சீட்டில். 2025 செப்டம்பரில் சி. பி. ராதாகிருஷ்ணன் அப்படித்தான் வந்தார். மாநிலங்களவைத் துணைத் தலைவரை மட்டுமே அந்த அவை தன் உறுப்பினர்களிலிருந்து தானே தேர்ந்தெடுக்கிறது. குடியரசுத் துணைத் தலைவரை நீக்கும் தீர்மானமோ மாநிலங்களவையில் மட்டுமே தொடங்க முடியும். அங்கே நிறைவேறியபின் மக்களவையும் அதை ஏற்க வேண்டும்.