முதுகெலும்பின் முப்பரிமாண அளவு: நம்புவதற்கு முன் சோதிக்கும் முறை

முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் உள்ள சிறுமி ஒருத்திக்குச் சென்ற முறை 27 டிகிரி, இம்முறை 31 டிகிரி என்று அறிக்கை வந்தால் பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. அந்த நான்கு டிகிரி, வளைவு உண்மையிலேயே கூடியதைக் காட்டுகிறதா, அளந்ததில் நேர்ந்த பிசகா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், நம் கருவியும் நம் கையும் எவ்வளவு பிசகும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்டுகளும் எக்ஸ்ரே தொழில்நுட்பர்களும் அதைத் தங்கள் இடத்திலேயே சோதித்துக்கொள்ளலாம்.

முதலில், கருவி எதை அளக்கிறது என்று பாருங்கள். 1948இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் விளக்கிய கோணம், நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில், வளைவின் மேலும் கீழும் மிக அதிகமாகச் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே அளக்கப்படுவது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைப் பெரும்பாலும் படுக்கவைத்தே எடுப்பதால், உடலின் எடை முதுகெலும்பை அழுத்துவதில்லை. கோணமும் குறைந்து தெரியும். ஈஓஎஸ் கருவி நின்ற நிலையில் முன்பின் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் ஒரே நேரத்தில், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கிறது. அவற்றிலிருந்து மென்பொருள் முப்பரிமாண வடிவத்தைக் கட்டுகிறது. ஒளிக்கோடுகளை முதுகின் மேல் வீசும் மேற்பரப்பு ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை. ஆனால் அது தோலின் மேடுபள்ளத்திலிருந்து எலும்பின் போக்கைக் கணிக்கிறது. ஆகவே ஒரு கருவி தந்த எண்ணை இன்னொன்று தந்த எண்ணோடு ஒப்பிட்டு, வளைவு கூடியது, குறைந்தது என்று முடிவு கட்டவே கூடாது.

இனி சோதனைக்கு வருவோம். எக்ஸ்ரே வகைப் படமானால், நம் சோதனைக்காக ஒரு குழந்தையின் மேல் மறுபடி கதிர்வீச்சைச் செலுத்துவது தவறு. ஏற்கெனவே உள்ள படங்களையே, பெயரையும் பழைய அளவையும் மறைத்து, இருவர் தனித்தனியாக அளந்து, சில வாரங்கள் கழித்து வரிசையை மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். மேற்பரப்பு ஸ்கேனில் படத்தையே மீண்டும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். அங்கே பெரும் பிசகு நிற்கும் விதத்திலிருந்துதான் வருகிறது; எனவே ஒவ்வொரு முறையும் மேடையிலிருந்து இறக்கி, சற்று நடக்கவிட்டு, மீண்டும் ஏற்றுங்கள். பாதம் வைக்கும் இடத்தை மேடையில் ஒட்டுப்பட்டையால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னலைத் தூக்கி உச்சியில் முடிந்துவிடுங்கள். பிடரியில் ஒரு கற்றை விழுந்தாலும் கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் முள்ளெலும்பு மறைந்து, கருவி வேறோர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடுப்புக்கு மேலே உள்ள இரண்டு குழிகளும் தெளிவாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். உடல் பருத்த பிள்ளைகளுக்கு அவை மங்கலாகவே இருக்கும்.

கணக்கு எளியது. ஒவ்வொரு நோயாளிக்கும் எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை எழுதி, அந்த வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தைக் கண்டு, 1.96ஆல் பெருக்குங்கள். திட்ட விலக்கம் 2.8 டிகிரியானால் விடை ஏறத்தாழ 5.5, அதற்குள் அடங்கும் எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மேலே சொன்ன நான்கு டிகிரியும் அப்படியே. காப் கோணத்தில் ஐந்து டிகிரியை எல்லையாகக் கொள்ளும் வழக்கமும் இத்தகைய பிசகைக் கருதியதுதான். விற்பனைக் கையேட்டில், இரண்டு அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.95 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 10 டிகிரிக்காரரையும் 70 டிகிரிக்காரரையும் ஒரே குழுவில் சேர்த்து அளந்தால், ஐந்தாறு டிகிரி பிசகினாலும் அந்த எண் உயர்ந்தே நிற்கும். கேட்க வேண்டியது, பிசகு எத்தனை டிகிரி என்பதை.

எல்லை தெரிந்த பிறகும் ஒவ்வொரு வருகையிலும் சூழ்நிலை மாறாமல் காக்க வேண்டும். காலையை விட மாலையில் வளைவு கூடித் தெரியும் என்பதால் நேரத்தைக் குறியுங்கள். வளைவு கூடாமல் தடுக்க உடலில் அணியும் பிரேஸ் அணிபவரானால், படமெடுக்கும்போது அது உடலில் இருந்ததா, கழற்றி எத்தனை மணி நேரமாயிற்று என்பதையும் எழுதுங்கள். எந்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே அளந்தீர்கள் என்பதைக் கோணத்தின் பக்கத்திலேயே குறிப்பிட்டால், அடுத்த முறை அளப்பவர் முதலில் அதே எலும்புகளில் அளந்து பார்ப்பார். இந்த முறை வேறு எலும்பு அதிகம் சாய்ந்திருந்தால் அதையும் தனியே எழுதிவைப்பார்.