குதிக்கால் நோவும் சப்பாத்துத் தெரிவும்

கிறவல் றோட்டில் தேய்ந்த தட்டைச் செருப்போடு திரிந்தால் குதிக்கால் நோகும். எனக்கு அதைக் குறைத்தது அளவான சப்பாத்துத்தான்.

கிளிநொச்சியோ வவுனியாவோ, கடைக்குப் பின்னேரம் போங்கள். நடந்து திரிந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். போடப்போகும் சொக்ஸையும் கொண்டு போங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இராது, பெரிய காலுக்கே எடுக்க வேண்டும். எழுந்து நிற்கையில் நீண்ட விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும். அகலம் காணாதென்று பெரிய இலக்கம் எடுக்காதீர்கள்: பிரித்தானிய அளவில் ஒரு இலக்கத்துக்கு நீளம் ஏறக்குறைய 8.5 மி.மீ. கூடும், குதி கழன்று உரஞ்சிக் கொப்புளம் போடும். அகலமான வேறு மாதிரி கேளுங்கள்.

குதியின் பின்சுவரைப் பெருவிரலால் அமத்துங்கள், நசுங்கினால் வேண்டாம். முனையையும் குதியையும் பிடித்து மடித்தால், விரல்கள் மடியும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் மடிவது பாதத்தைத் தாங்காது. துணி பிழிவதுபோல் முறுக்கினால் லேசில் முறுகவும் கூடாது. மெத்தென்று இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள்தான் கூட.

அளவு சரியாயிருந்தும் எனக்கு வலது குதி கழன்றது. இரண்டு பக்கமும் மேலே மிஞ்சும் கடைசி ஓட்டைக்குள் நாடாவை அதே பக்கத்திலேயே விட்டுச் சிறு கண்ணி எடுத்து, எதிர்ப்பக்க நுனியை அதற்குள்ளால் கோத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டினேன். குதி அசையவில்லை.

மாரியில் நனைந்தால் உள்அட்டையைக் கழற்றி, கடதாசி அடைத்து நிழலில் காயவிடுங்கள்; கடும் வெயிலில் பசை விட்டுவிடும்.